பின்கண்ணாடியில் பால்

கோபிப் பாலைவனத்தில் மே மாதம் பனி பெய்யாது என்று எங்கள் பக்கம் யாரும் சத்தியம் செய்வதில்லை. அன்று மதியம் பெய்தது. வண்டித்தடம் மறைந்தது.

செத்துப்போன என் மனைவி அனுஜினின் துணிமணிகளை அவள் அம்மாவிடம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். கூட அவள் தம்பி தெமூலன்.

"கிளம்பும்போது யாரும் பால் தெளிக்கலை மச்சான். அதான் இப்படி."

"நீ தெளிச்சிருக்கலாமே."

"வண்டிக்குள்ள உக்காந்துகிட்டு எனக்கு நானேவா?"

பயணம் போகிறவர்களுக்குப் பின்னால் வீட்டுப்பெண் கரண்டியால் பால் தெளித்து அனுப்புவாள். மற்றவர்கள் தரையில் தெளிப்பார்கள். அனுஜின் வீசும் வேகத்தில் பின்கண்ணாடியின் இடது மூலை பாலாகிவிடும். கழுவுவது நான். ஒவ்வொரு முறையும் திட்டுவேன்.

சக்கரம் புதைந்து வண்டி நின்றது. பெட்ரோலும் அதிகமில்லை.

"இருட்டுறதுக்குள்ள கிளம்பலைன்னா விறைச்சுடுவோம்" என்று தெமூலன் மண்வெட்டியோடு இறங்கினான். பின்பக்கம் போனவன் என்னைக் கூப்பிட்டான்.

பின்கண்ணாடி முழுக்கப் பனி அப்பியிருந்தது, இடது மூலையைத் தவிர. அங்கே பால் வழிந்துகொண்டிருந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

சக்கரத்தைச் சுற்றித் தோண்டினோம். வண்டி ஒரே தள்ளலில் மேலேறியது. இருட்டுவதற்குள் மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடியை நான் கழுவவில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது மாமியார் பால் கிண்ணமும் கரண்டியுமாக வெளியே வந்தார். வண்டியின் பின்னால் போய் நின்றார். இடது மூலையில் பால் அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெளிச்சாச்சா" என்றார். கரண்டியிலிருந்த பாலைக் கிண்ணத்தில் திரும்ப ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்.