எட்டு மாதம் தப்பாத வருகைப் பதிவு

சுசீந்திரத்தில் சுயம்புராஜின் வீட்டு முன்னறையில், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இருந்தவர்கள் மூன்று பேர். மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் விசாரணை அதிகாரி ஆன்ட்ரூஸ். வாசலை ஒட்டிய ஸ்டூலில், சாட்சியாகப் பக்கத்து வீட்டு நாராயணபெருமாள். அடுக்களை நிலையில் சாய்ந்தபடி சுயம்புராஜின் மனைவி செல்லக்கனி. டிவி மேல் சுயம்புராஜின் செல்போன்.

சுயம்புராஜ் மட்டும் இல்லை. அதுதான் குற்றம்.

குளக்கரை அளவைப் பிரிவு ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்து எட்டு மாதம் ஆகிறது. தெற்குத் தெருவிலிருந்த ஆபீசைப் பூட்டியாயிற்று. பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை வீட்டை விட்டு நகரக்கூடாது. மணிக்கொரு தடவை செல்போனில் 'உள்ளேன்' பட்டனை அமுக்க வேண்டும்.

"எட்டு மாசத்துல ஒரு தடவகூடத் தப்பல" என்றார் ஆன்ட்ரூஸ். "அமுக்கினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் செல்லக்கனி. "வாழைக்குத் தண்ணி விடப் போறேன், நீ அமுக்கிக்கிடுன்னு சொன்னாவ."

"எந்த வாழைக்கு?" நாராயணபெருமாள் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். "எனக்க தோட்டத்தத் தாண்டித்தான அங்க போவணும்? ஒரு நாளு கண்டதில்ல, கேட்டியளா. தண்ணி விடப் போறவன் பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டையும் மாட்டிக்கிட்டா போவான்? சாயங்காலம் வரும்போது சீட்டி வேற!"

செல்லக்கனி உள்ளே போய், சோப்புத் தண்ணீரில் பாதி கரைந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கணவனின் கையெழுத்து. 'சத்தியபாய் – வியாழன், மூணு மணி.'

"சட்டப் பையில கெடந்துது. அரைஞாண் கயித்துல ஒரு சாவியும் கெட்டியிருக்காவ. இந்த வீட்டுல அந்தச் சாவிக்குப் பூட்டு கிடையாது சார்."

நாராயணபெருமாள் கூரையைப் பார்த்தார். ஆன்ட்ரூஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யம்மா, யோசிச்சுக்கிடுங்க. இத எழுதினா வேலை போயிரும். பட்டன அமுக்கினதுக்கு உங்க மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும். பத்தொம்பது வருசம் பொங்கிப் போட்டவ நான். அந்தச் சத்தியபாய் வந்து ஜாமீன்ல எடுக்கட்டும். ஒரு வார்த்தை விடாம எழுதுங்க."

எழுதினார். மூன்று பக்கம். செல்லக்கனி அழுத்திக் கையெழுத்துப் போட்டதில் கடைசிப் பக்கம் லேசாகக் கிழிந்தது. ஆன்ட்ரூஸ் உறையை ஒட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

"இனி இத உங்க ரெண்டு பேரு முன்னால, அவரு ஆபீஸ் தபால் துவாரத்துல போடணும். விதி."

"ஆபீசுதான் பூட்டிக் கெடக்கே?" என்றார் நாராயணபெருமாள்.

"ஆபீசத்தான் பூட்டினாங்க. விதியப் பூட்டலியே ஓய்."

மூன்று பேரும் ஆட்டோவில் தெற்குத் தெருவுக்குப் போனார்கள். முன்கதவில் தேங்காய்ப் பருமனில் பூட்டு; அதில் சிலந்திவலை. சுயம்புராஜ் இருபது வருஷம் ஏறி இறங்கிய படி என்று நினைத்ததும் செல்லக்கனிக்குக் கண் கலங்கியது. 'வேண்டாம் சார்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆன்ட்ரூஸ் உறையைத் துவாரத்தில் தள்ளிவிட்டார்.

அது கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. உள்ளே 'டப், டப்' என்று முத்திரை குத்தும் சத்தம்தான் கேட்டது.

கூடவே, செல்லக்கனி பத்தொன்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய குரல்: "சத்தியபாய்க்க மனுவே இன்னும் முடியல, இதுக்கு நாளைக்கு வாரும்."