வளைவில் கிடக்கும் கல்

இடுப்பு கழன்று விழுவதுபோல வலித்தது. போர்வெல் லாரியைத் தனியாளாக ஓட்டிக்கொண்டு ஆப்பிரிக்க மலைக்காட்டில் ஏறிக்கொண்டிருந்தான் அர்த்தனாரி. வழியிலிருந்த வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாதென்று நுழைவாயிலிலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு வளைவில் இன்ஜின் கொதித்து நின்றது. அந்தப் பாரத்துக்குக் கைபிரேக் தாங்காது. இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பெரிய கல்லாக ஒன்றை அண்டக் கொடுத்தான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினால், லாரி நிழலில் பெண் சிங்கம் ஒன்று படுத்திருந்தது. மோவாயைக் கல்மேல் வைத்திருந்தது.

எப்படிக் கேபினில் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. போர்வெல் முகாமிலிருந்த மூத்த டிரைவர் செங்கோடனுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, கல்லுகிட்ட சிங்கமுங்க."

"வண்டிய எடுத்துட்டு வாடா."

"கல்லு ரோட்டுலயே கெடக்குமுங்களே. எடுக்கக் கிளீனர்கூட இல்ல."

"ஏன், நம்மூர்லருந்தா கொண்டு போன? வுட்டுட்டு வா."

லாரியை மேலேற்றிச் சமதளத்தில் நிறுத்தினான். கண்ணாடியில் பார்த்தான். சிங்கம் எழுந்து புல்லுக்குள் போயிருந்தது. எந்தப் பக்கப் புல் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தான். அடுத்த கால் வரவில்லை.

எதிரே மேலிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஒரு வேன் வேகமாக வந்தது. அர்த்தனாரி ஹாரனை அழுத்தி, இரண்டு கையையும் ஆட்டி, நிறுத்தச் சொல்லிக் கத்தினான். உள்ளேயிருந்த குழந்தைகள் சிரித்துக்கொண்டு அவனுக்குக் கையாட்டின. வேன், கல் கிடந்த வளைவை நோக்கி இறங்கியது.

ரோட்டில் கல்லைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். அந்தக் கல்லை அவன் இன்னும் எடுக்கவில்லை.