எல்லாருக்கும் அனுப்புங்கள்

“இவனை விட்டீங்கன்னா நாளைக்கு எவன் வேணா எது வேணா எழுதுவான் மேடம். உள்ள தூக்கி வைங்க!”

இன்ஸ்பெக்டர் அருணாதேவியின் மேஜை மேல் போனை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார் பரசுராமன். செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருப்பவர். அண்ணாமலையார் பக்தர்கள் வாட்ஸப் குரூப் ஒன்றுக்கு அட்மினும்கூட. கலெக்டருக்கு அடுத்த பதவி அதுதான் என்று அவருக்கு நினைப்பு.

போனில் இருந்தது மாறன் என்ற இளைஞன் வைத்த ஸ்டேட்டஸின் படம். சாமியைப் பற்றி ஒரே ஒரு வரி. கேவலமான வரி. என்ன வரி என்று கேட்காதீர்கள், அதை நானும் ஒரு தடவை எழுத எனக்கு இஷ்டமில்லை.

சுவர் ஓரமாக நின்றிருந்தான் மாறன். மொட்டை அடித்த தலையில் இன்னும் முடி சரியாக வளரவில்லை.

“பையனை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?”

“ஏன் தெரியாம? நம்ம லாட்ஜ்ல ரூம் கூட்டிக்கிட்டிருந்த பாஞ்சாலையோட மகன். அந்தம்மா போன மாசம் தவறிட்டாங்க. நான்கூட மாலை வாங்கிட்டுப் போனேன். அதுக்காக, சாமியைத் திட்டினா விட்ற முடியுமா?”

அருணாதேவி மாறனைப் பார்த்தார். “ஏம்ப்பா, நீதான் எழுதினியா?”

“நான்தான் மேடம்.” அவன் தலை நிமிரவில்லை. “எனக்கு வேலை கிடைக்கணும்னு அம்மா பௌர்ணமி தவறாம கிரிவலம் போனாங்க. அவங்க காரியம் முடிஞ்ச அன்னிக்கு ஆர்டர் வந்துச்சு. இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்குன்னு ஆத்திரம். எழுதிட்டேன். தப்புதான்.”

“என்ன வேலை?”

“கவர்ன்மென்ட் வேலை மேடம். அடுத்த வாரம் சேரணும்.”

கேஸ் என்று ஒன்று விழுந்தால் அந்த வேலை அவ்வளவுதான். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பரசுராமனுக்கும் தெரியும்.

“அதெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்” என்றார். “கருத்துச் சுதந்திரத்துக்கும் ஒரு எல்லை இருக்குல்ல மேடம்? சட்டம் இருக்குல்ல? சாட்சிக்குக்கூட ஆள் வரச் சொல்லியிருக்கேன். கோயில் குருக்கள் வீட்டுப் பையன் ஈஸ்வர். அவரும் பார்த்திருக்காரு.”

சொல்லி வாய் மூடவில்லை, நெற்றி நிறைய விபூதியோடு ஈஸ்வர் உள்ளே வந்தான்.

“வாங்க சாமி. நீங்க அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தீங்களா இல்லையா, மேடம்கிட்ட சொல்லுங்க.”

“பார்த்தேன்.”

பரசுராமன் முகம் மலர்ந்தது.

“நானும் மாறனும் ஒண்ணாப் படிச்சவங்க மேடம். பார்த்ததும் எனக்கு நெஞ்சே ஆறலை. உடனே போன் பண்ணித் திட்டினேன். ‘உங்கம்மா கும்பிட்ட சாமிடா அது’ன்னு சொன்னேன். ஓன்னு அழுதான். அப்பவே எடுத்துட்டான். அதுவரைக்கும் பத்து பேர்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. எடுக்கலைன்னாலும் மறுநாள் அதுவே மறைஞ்சிருக்கும்.”

அருணாதேவி பரசுராமன் பக்கம் திரும்பினார். “அவன்தான் எடுத்துட்டானே சார். அப்புறம் இது எப்படி உங்க போன்ல?”

“எடுத்துடுவான்னு தெரியும் மேடம். அதான் முன்னாடியே போட்டோ பிடிச்சு வச்சிட்டேன்.” பெருமையாகத்தான் சொன்னார். “குரூப்ல போட்டேன். ‘நீங்கள் உண்மையான பக்தர் என்றால் எல்லாருக்கும் அனுப்புங்கள்’னு மேல எழுதியும் போட்டேன். ஒரு வாரமா எங்கெங்கேயோ சுத்துது. நல்ல ரெஸ்பான்ஸ்!”

“குரூப்ல எத்தனை பேரு?”

“ஆயிரத்துக்குக் கம்மி இல்லை.”

அருணாதேவி பேனாவை மூடி வைத்தார்.

“சட்டம் இருக்குல்லன்னு கேட்டீங்க. இருக்கு சார். வேணும்னே அடுத்தவங்க மனசைப் புண்படுத்தினானான்னு அதுல ஒரு கேள்வி வரும். அழுதுட்டு அழிச்சவன் அதுக்கு ஏதோ பதில் சொல்லிக்குவான். பரப்பினவங்களுக்கும் சட்டம் உண்டு. உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்க?”

“நான்... நான் சாமிக்காகத்தானே மேடம்...”

“அந்தம்மா அண்ணாமலையார்கிட்ட கேட்டு வாங்கின வேலைங்க அது” என்றான் ஈஸ்வர், தணிந்த குரலில். “அவர் பேரைச் சொல்லியே பிடுங்கணுமா?”

பரசுராமனுக்குப் பாஞ்சாலை ஞாபகம் வந்தது. பௌர்ணமி என்றால் லாட்ஜில் கூட்டம் அலைமோதும். அத்தனை ரூமையும் கூட்டி முடித்துவிட்டுத்தான் அவள் மலை சுற்றக் கிளம்புவாள். மறுநாள் வரும்போது கையில் ஒரு விபூதிப் பொட்டலம் இருக்கும். ‘உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டேன் மொதலாளி’ என்பாள்.



“மேடம், நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“வாங்கிக்குங்க. ஆனா உங்க படத்தைப் பார்த்துட்டு சேலத்துல ஒருத்தர் புகார் கொடுத்திருக்காரு. மதுரையில ஒருத்தர் கொடுத்திருக்காரு. இன்னும் எங்கெல்லாம் வருமோ. அதையெல்லாம் யார் வாபஸ் வாங்கறது?”

மாறன் அப்போதுதான் நிமிர்ந்து பரசுராமனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவசர அவசரமாகப் போனை எடுத்தார். குரூப்பைத் திறந்து, அந்தப் படத்தை விரலால் அழுத்திப் பிடித்தார். நாம் போட்டதை எல்லாருடைய போனிலிருந்தும் அழித்துவிடலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். நாள் கடந்துவிட்டால் முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை.

‘எனக்கு மட்டும் நீக்கு’ என்று ஒரே ஒரு வரிதான் வந்தது.