பன்னிரண்டாவது கள்ளன்

மேசையில் இருந்த சான்றுப்பொருள் ஹீற்றர் சூட்டில் உருகத் தொடங்கியிருந்தது. கால் கிலோ வெண்ணெய்.

"இந்த வருடத்தில் இது பன்னிரண்டாவது ஆள்," என்றார் பொலிஸ்காரர் ஒல்சன், டெனிஷ் மொழியில். "பன்னிரண்டு பேரும் தமிழர். பன்னிரண்டு பேரும் வெண்ணெய்."

பாலேந்திரா அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது. டோஸ்ட்ருப்பிலிருந்து விடியவே ரயிலேறி, பஸ் மாறி, பிராண்டேக்கு வந்திருந்தார். இந்த ஊரின் வழக்கமான மொழிபெயர்ப்பாளர் அருள்நேசன் இம்முறை வர முடியாதாம். பதினோராவது ஆள் அவர்தான்.

பழைய பாற்சாலை ஒன்றைத் திருத்தி உண்டாக்கிய அலுவலகம் அது. சின்னக் களவு, அதுவும் முதல் தடவை என்றால் வழக்கு இல்லை. இங்கே வந்து நாற்பது மணித்தியாலம் பழைய சைக்கிள் திருத்த வேண்டும். ஒழுங்காக முடித்தால் கோப்பை மூடிவிடுவார்கள். பெயர் எங்கும் போகாது. இல்லையென்றால் நீதிமன்றம். பரீட்சார்த்தமாக நடக்கும் திட்டம். செலவில் பாதி நகரசபை, பாதி அரசாங்கம். பொறுப்பாளர் இங்கர் என்ற நரைத்த பெண்மணி. சம்பளம் வாங்கும் ஒரே ஆளும் அவர்தான்.

யன்னலுக்கு வெளியே முந்தைய கள்ளர் ஒருவர், மாதா கோயில் பூசைப் பாட்டை விசிலடித்தபடி சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

பாலேந்திரா எதிரே இருந்தவனைப் பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ். வயது முப்பது, சொந்த ஊர் மன்னார். இஸ்திரி போட்ட சேட்டு, கழுத்தில் ரை. களவெடுக்க ரை கட்டிக்கொண்டு போன ஒருவனை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

"தம்பி, கலியாணம் கட்டினனீரோ?"

"ஓம் அண்ணை. மனுசி மேர்சி மன்னாரிலை. ஒரு பெட்டைப் பிள்ளை. பேப்பர் போட்டு ரண்டு வரியம்."

அது 1988 மார்கழி. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட மனுப் போட்ட தமிழர்கள், கோபன்ஹேகனிலிருந்து ஒரு பதிலும் வராமல் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த காலம்.

"அந்தப் பேப்பரிலை பொலிஸ் கேஸ் ஒண்டு ஏறினா, மேர்சி இந்தச் சென்மத்திலை வரமாட்டா. விளங்குதோ? அதுவும் கால் கிலோ பட்டருக்கு! களவெடுக்கிறதெண்டாலும் ஒரு மரியாதை வேண்டாமே?"

"ஓம் அண்ணை."

"பட்டரைக் கோட்டுக்குள்ளை வச்சிட்டு வாசல்லை பத்து நிமிசம் நிண்டனீராம், கடைக்காரர் சொல்லுறார். ஓடத் தெரியாதே உமக்கு?"

"ஓடக்கூடாதெண்டு சொல்லித்தான் விட்டவை."

பாலேந்திரா நிமிர்ந்தார். "ஆர் சொல்லிவிட்டது?"

ஸ்ரனிஸ்லாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வாய் திறந்தாகிவிட்டது. "சீட்டு விழுந்தது அண்ணை. மாசாமாசம் பூசை முடிய மரியநாயகி அக்கா பிஸ்கற் டின்னைக் குலுக்கி ஒரு பேர் எடுப்பா. இந்த முறை என்ர பேர்."

களவுக்குச் சீட்டு! ஆளுக்கொரு மாதம்! இத்தனை வருட மொழிபெயர்ப்பில் பாலேந்திரா கொலைகாரர்களோடுகூட இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார். இப்படி ஒழுங்குமுறையான கூட்டத்தைக் கண்டதில்லை.

"செய்தா உமக்கு என்ன கிடைக்கும்?"

"மேர்சி வருவா."

"ஏஜென்சியோ?"

"சீ, இல்லை அண்ணை. நம்பிக்கையான ஆள். எங்கட ஆக்கள் எல்லாற்றை அலுவலையும் அவதான் பாக்கிறா. ஒரு சதம் வாங்கமாட்டா."

பாலேந்திராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் கடத்தும் கூட்டம். கூலியைக் காசாக வாங்கினால் பிடிபடலாம் என்று களவாக வாங்குகிறார்கள். இன்றைக்கு வெண்ணெய், நாளைக்கு வங்கி. பாவம், இந்த ரை கட்டிய மடையன் மனைவி வருவாள் என்று நம்பிக்கொண்டு இருக்கிறான்.

"அண்ணை, காலிலை விழுறன். இதை மட்டும் அவைக்குச் சொல்லாதேங்கோ."

மொழிபெயர்ப்பாளர் கேட்டதையெல்லாம் சொல்லவேண்டியவர். சொன்னால் இது சின்னக் களவு இல்லை, கூட்டுச் சதி. நாற்பது மணித்தியாலம் போய் நீதிமன்றம் வரும். மேர்சியின் கோப்பு குப்பைக்குப் போகும்.

"இவ்வளவு நேரமும் என்ன சொன்னார்?" என்று ஒல்சன் கேட்டார்.

பாலேந்திரா தொண்டையைச் செருமினார். அதற்குள் இங்கர் பதிவேட்டில் பெயரை எழுதி முடித்து, தொலைபேசியைச் சுழற்றிவிட்டார்.

"நகரசபையா? பன்னிரண்டாவது ஆள் வந்துவிட்டார். இல்லை, சும்மா சொல்லவில்லை, பொலிஸ்காரரே பக்கத்தில் நிற்கிறார். வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தால் காசு வரும் என்றுதானே சொன்னீர்கள்? ஜனவரியில் எங்களை மூடமாட்டீர்களே? அடுத்த வருடத்துக்கா? எத்தனை?"

தொலைபேசியை வைத்தவர், ஒல்சனின் காதில் மெல்ல ஏதோ சொன்னார். ஒல்சன் பெருமூச்சு விட்டார். இங்கர் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றினார். அதில் பாதி அடித்த தாள் ஒன்று செருகியிருந்தது.

"இவருக்குக் கலியாணம் நடந்த திகதியைக் கேட்டுச் சொல்லுங்கள்," என்றார் பாலேந்திராவிடம். "மனைவியின் மனுவுக்குப் பதில் கேட்டு எழுதும் முறையீடு நாலாம் பக்கத்தில் நிற்கிறது. வேலை முடிந்த பிறகு இருந்து அடிக்கிறேன். எனக்கே வேலை போனால் இதையெல்லாம் யார் அனுப்புவது?" சுவரோரம் இருந்த அலுமாரியைக் காட்டினார். அதற்குள் வரிசை வரிசையாகக் கோப்புகள், எல்லாவற்றிலும் தமிழ்ப் பெயர்கள்.

பாலேந்திரா அலுமாரியைப் பார்த்தார். ஸ்ரனிஸ்லாஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னதான் சொன்னார்?" ஒல்சன் விடவில்லை.

பாலேந்திரா தன் தொழில் வாழ்க்கையின் முதல் பொய்யை மொழிபெயர்த்தார். "செய்தது பெரிய பிழையாம். இனிமேல் இந்த ஊரில் தமிழர் ஒருவரும் களவெடுக்கமாட்டார்களாம்."

"அப்படியெல்லாம் பேசவேண்டாம் என்று சொல்லுங்கள்," என்று ஒல்சன் பதறினார், "அடுத்த வருடத்துக்குப் பதினைந்து பேர் கேட்கிறார்கள்!"