சோபாவில் ஒரு பங்காளி

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடன் வசூலிக்க வந்தவர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து கச்சாயம் தின்றுகொண்டிருந்தார்.

உட்கார வைத்தது என் மனைவிதான்.

அவர்கள் ஐந்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. நாலே முக்காலுக்கு இவர் வந்து நின்றார். பெயர் மனோஜ்குமார். கையில் தோல்பை, கழுத்தில் அடையாள அட்டை. என் லேத் பட்டறைக்கு வாங்கிய கடனில் நாலு தவணை பாக்கி. இன்று வீட்டில் விசேஷம், இன்னொரு நாள் பார்ப்போம் என்றேன். அவரும் மரியாதையாக எழுந்துவிட்டார்.

அதற்குள் தெருவில் கார் வந்து நின்றது.

நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் எதிரே ஒற்றை ஆள் வெளியேறினால் சகுனம் என்னாவது? என் மனைவி அவரை மறுபடி உட்கார வைத்து, அட்டையைக் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லி, பலகாரத் தட்டை நீட்டினாள். வட்டியைவிடச் சகுனத்துக்குப் பயப்படுகிற வீடு எங்களுடையது.

போன மாதம் இதே கம்பெனியிலிருந்து வந்த வேறொருவன் நடுத்தெருவில் நின்று கத்திவிட்டுப் போனான். மூன்றாம் நாள் அன்னூர் வரன் போனிலேயே முறிந்தது. என் மகள் அக்ஷயா ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும்போலச் சாப்பிட்டு, வேலைக்குப் போய் வந்தாள். அந்தப் பேசாமையை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது.

அதற்கப்புறம்தான் சட்டம் படித்தேன். காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் கடன்பட்டவனைத் தொந்தரவு செய்யக்கூடாது. கத்தக்கூடாது. கடன் விஷயத்தை மூன்றாம் ஆள் காதில் போடக்கூடாது. ரிசர்வ் வங்கி சொன்னதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பிரிட்ஜ் மேல் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புகாரும் எழுதினேன். கத்தினவனை மாற்றிவிட்டு இவரை அனுப்பினார்கள்.

அவர் காதோரம் குனிந்தேன். "மூணாவது ஆளுகிட்ட மூச்சு உடக்கூடாது. தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க சார்" என்று இன்னொரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டார்.

முதலில் உள்ளே வந்தவர் பையனின் அப்பா அங்கப்பன். சிங்காநல்லூரில் கழிவுப் பஞ்சு குடோன், சொந்த வீடு, இன்னோவா கார். உள்ளே பார்த்தவர் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார். போன வருஷம் போட்ட கிரானைட் தரையைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட வந்த ஐந்து பேரும் உட்கார்ந்ததும் கேட்டது, இந்தத் தம்பி யாருங்க என்பதைத்தான். பங்காளி பையன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அங்கப்பன் மட்டும் கேட்கவில்லை. பெரிய மனிதர்.

பங்காளி என்றால் சும்மா விடுவார்களா? பையனின் அம்மா துருவ ஆரம்பித்தார். பூர்வீகம் எந்த ஊர், தாத்தா பேர் என்ன, பொள்ளாச்சிப் பக்கம் யார் இருக்கிறார்கள்.

மனோஜ்குமார் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். என் அப்பா பேர், அவர் பிறந்த ஊர், என் பொள்ளாச்சி மச்சான் பேர், மச்சானுடைய தேங்காய் மண்டி இருக்கிற தெரு. நிஜப் பங்காளிகளைக் கேட்டால்கூட இதில் பாதி தெரியாது. எல்லாம் கடன் விண்ணப்பத்தில் நானே என் கைப்பட எழுதிக் கொடுத்தவை.

கடைசியில் அந்தம்மா கேட்டார், குடும்பம் எப்படி என்று.

அறைக்குள் கதவுக்குப் பின்னால் அக்ஷயாவின் வளையல் சத்தம் நின்றது.

"நல்ல குடும்பமுங்க. தைரியமாப் பண்ணலாமுங்க."

சட்டம் என்றால் இதுவல்லவா சட்டம். பிரிட்ஜ் இருந்த திசையைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அங்கப்பன் தொண்டையைக் கனைத்தார். பங்காளியே சொன்னபிறகு மேற்கொண்டு விசாரிக்க என்ன இருக்கிறது என்றார். எத்தனை பவுன் போடுவீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இந்த வளர்பிறையிலேயே நிச்சயம் செய்துவிடலாம் என்றவர், பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். பையன் போகிறபோது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்த அக்ஷயா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் கிளம்பிப் போனது.

மனோஜ்குமார் அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். திங்கட்கிழமை வாரேனுங்க என்றார். சரி என்றேன். அன்றைக்கு அவர் எமனாகவே வந்து நின்றிருந்தாலும் வாங்க, உட்காருங்க என்றிருப்பேன். அந்தச் சந்தோஷத்தில், நம்முடைய ஊர் வழக்கப்படி, ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன்.

"நாலு இடம் போயிட்டு வர்றவரு நீங்க. சிங்காநல்லூர்க்காரங்க எப்படிங்க? நம்பிப் பொண்ணைக் குடுக்கலாமுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிரிட்ஜ் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார்.

"நல்ல குடும்பமுங்க. தைரியமாப் பண்ணலாமுங்க."

அதே வார்த்தை. அதே குரல்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மணி ஆறு பத்து. எங்கள் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பினால் காந்திபுரம், அவருடைய ஆபீஸ். வலப்பக்கம் போனால் சிங்காநல்லூர்.

அவர் வலப்பக்கம் திரும்பினார். சட்டப்படி அவருக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.