முப்பத்திரண்டாவது மேற்கோள்

காஜா பேராங் பகுதியில் இருந்த வீட்டில் ராஜரத்தினத்தின் ரப்பர் இலைநோய்க் கட்டுரைக்கு பொன்னம்மா மேற்கோள் பட்டியலைத் தட்டச்சு செய்தாள். மேற்கோளுக்கு ஒன்றாக முப்பத்தொரு அட்டைகள் இருந்தன. பட்டியலில் முப்பத்திரண்டு வந்தது.

கடைசி வரி: “மாணிக்கவாசகம், நேரில் சொன்னது, 20 ஆகஸ்ட் 1957.”

ராஜரத்தினத்தோடு சேர்ந்து ஆராய்ந்த மாணிக்கவாசகம் போன வருடமே இறந்துவிட்டார்.

“இத யாரும்மா சேத்தது?”

“தெரியல சார். அட்டைய பாத்துதான் அடிச்சேன்.”

மூன்று முறை திருப்பி அடித்தும் அந்த வரி வந்தது. ராஜரத்தினம் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தார். கட்டுரை இன்று தபாலில் சேராவிட்டால் இந்த இதழில் இடமில்லை. நாள்காட்டியைப் பார்த்தார். 1957, ஆகஸ்ட் பத்தொன்பது.

“இன்னிக்கு அனுப்ப வேணாம்மா. நாளைக்கு அவன் என்ன சொல்றான்னு கேட்டுக்கிறேன்.”

அவள் கிளம்பும்போது அவர் மேசைக்கு எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.