சாமி கைக்கு வந்தது

“நீ தலைகீழா நின்னாலும் நான் வரமாட்டேன்டா!”

அக்கா போட்ட சத்தத்தில், சர்ச் வாசலில் நின்ற வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தம்பிக்குக் காதுமடல் சூடாகிவிட்டது.

பழைய கட்டடங்களை எல்லாம் ஊருக்கு இலவசமாகத் திறந்து காட்டும் நாள் அது. ஆற்றை ஒட்டிய அந்த ஐந்நூறு வருஷத்துச் சர்ச்சைச் சுற்றிப் பார்க்க மற்றவர்கள் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். தம்பி மட்டும் மூன்று மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டே, அக்காவை மீட்டுக்கொண்டு போக வந்திருந்தான்.

எல்லாம் மூன்று வாரத்துக்கு முன் அவள் வீட்டுக்கு அனுப்பிய செய்தியால் வந்த வினை.

‘ஆத்தங்கரை சர்ச் சாமி என் கைக்கு வந்துடுச்சு. இனிமே என் வாழ்க்கை இங்கதான். யார் தடுத்தாலும் விடமாட்டேன்.’

அதைப் படித்த அம்மா பதறிப்போய் போன் போட்டாள். “சர்ச்சுக்கே போயிடப் போறியாடி?” என்றாள். “ஆமா, முடிவு பண்ணிட்டேன்” என்றாள் அக்கா. அம்மா அழுதபடி வைத்த போன்தான், அதற்கப்புறம் பேச்சே இல்லை. மகள் கன்னியாஸ்திரி ஆகிவிட்டாள் என்று வீடே இடிந்து போயிருந்தது. அக்கா இருந்த அதே வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த தம்பி தலையில் பொறுப்பு விழுந்தது.

அவன் கொஞ்சம் ஒதுங்கிப் போய் போனை வாயருகே பிடித்தான். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எழுத்தெழுத்தாகத் தட்டப் பொறுமை கிடையாது. வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளும்.

“அம்மா, அக்கா ஆத்தங்கரையில நிக்கிறா.”

போன் எழுதியது: ‘அம்மா, அக்கா ஆத்திரத்துல நிக்கிறா.’

அதுவும் பொய்யில்லை என்று அப்படியே அனுப்பிவிட்டான்.

‘கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வா’ என்று உடனே பதில் வந்தது.

அக்கா அதற்குள் விடுவிடுவென்று உள்ளே போயிருந்தாள். கழுத்து வரை பொத்தான் வைத்த நீளமான கறுப்பு அங்கி வேறு. பின்னாலேயே ஓடினான்.

“அக்கா, அம்மாவுக்குச் சோறு இறங்கலக்கா.”

“நான் என்ன திருடவா போறேன்? இதுல என்னடா கேவலம்?”

“கேவலம்னு யாரு சொன்னா? இருபத்தேழு வயசுல எல்லாத்தையும் விட்டுட்டு...”

“எதை விட்டேன்? வாரத்துல ரெண்டு நாள் லீவு இருக்கு.”

துறவறத்துக்கு லீவு உண்டா என்று தம்பி குழம்பினான்.

அவள் ஒரு கல்தூணில் உள்ளங்கையை வைத்தாள். வெள்ளம் ஏறிய உயரத்துக்கெல்லாம் கோடு கிழித்து, பக்கத்தில் வருஷத்தைச் செதுக்கியிருந்தார்கள். மேல் கோடு அவன் தலைக்கும் மேலே இருந்தது.

“பாரு, இவ்ளோ தண்ணி வந்தும் இது நிக்குது. நீங்க நாலு பேரு அழுதா நான் ஓடி வந்துடணுமா?”

அருகில், நெஞ்சில் அடையாள அட்டை குத்திய ஒரு பெரியவர் யாரிடமோ முணுமுணுத்தார். “மூணு தலைமுறையா எங்க குடும்பம் வெச்சிருந்தது. நேத்து வந்த பொண்ணு கையில ஒப்படைச்சுட்டாங்களே!”

அக்கா நின்றாள். “ஐயா, காதுல விழுது. ஒப்படைச்சது ஒப்படைச்சதுதான். திருப்பிக் கேட்டாலும் தர்றதா இல்ல.”

சாமிக்கு இப்படி ஒரு பங்காளிச் சண்டையா?

அப்போது பாதிரியார் வேகமாக வந்தார். “நேரமாச்சும்மா. எல்லாரும் மணிக்கூண்டுகிட்ட உனக்காகத்தான் காத்திருக்காங்க. ஆரம்பிச்சுடலாமா?”

“ஆரம்பிச்சுடலாம், ஃபாதர்.”

சடங்கு இன்றைக்கே, இப்போதே! பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிற தம்பி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதிரியாருக்கும் அக்காவுக்கும் நடுவில் பாய்ந்தான்.

“விடமாட்டேன்! போலீசே வந்தாலும் சரி, எங்க அக்காவ கன்னியாஸ்திரி ஆக்க விடமாட்டேன்!”

அவன் குரல் கூரை வரை போய் எதிரொலித்துத் திரும்பியது. கூட்டத்தில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

“கன்னியாஸ்திரியா? நானா? எவன்டா சொன்னான்?”

“நீதான்! இந்தா, நீ அனுப்பினதுதானே இது?” போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

அக்கா ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் அப்படியே தூணில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அடப்பாவிங்களா! இதுக்கா அம்மா மூணு வாரமா பேசல? வேலை கிடைச்ச சந்தோஷத்துல, பஸ்ல வர்றப்போ சொல்லி அனுப்பினேன்டா. இந்த சர்ச்சையே பாத்துக்கிற வேலை! இந்த அங்கி அதுக்குக் குடுத்த யூனிஃபார்ம்டா!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முணுமுணுத்த பெரியவரைத் தாண்டி, வழிவிட்ட கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நடந்து மணிக்கூண்டுக் கதவின் முன்னால் போய் நின்றாள். அங்கிப் பைக்குள் கை விட்டு, முழங்கை நீளத்தில் ஓர் இரும்பை உருவிப் பூட்டில் நுழைத்து, இரண்டு கையாலும் திருப்பினாள்.

“அம்மாவுக்கு எழுது. வாயால சொல்லாத, விரலால அடி. சாமி இல்ல... சாவி!”